இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

"நாலாம் வகுப்பு வந்தும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லையே, வாத்தியார் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்?" அம்பாசமுத்திரம் பக்கம் டீக்கடையிலும் பேருந்திலும் இந்தக் கேள்வியை நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்பது நியாயம்தான். தொடக்கப் பள்ளியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 30 பேருக்கு ஒருவர் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஐந்து வகுப்புகளில் அல்லவா இருக்கிறார்கள்? ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போடும்போது ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கோடு காத்திருக்கும். இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டம் என்று அவர் கிளம்பினால் மிச்சம் ஒருவர், ஐந்து வகுப்பு. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டுப் பையன், நாலாம் வகுப்பு. கழித்தல் கணக்கு என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். கணக்கு வராத பிள்ளை என்று எல்லோரும் முடிவு கட்டியாகிவிட்டது. ஒரு நாள் நல்ல மழை. பாதிப் பேர் வரவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாயங்காலம் வீட்டுல என்னடே செய்வ?" என்று கேட்டேன். "அம்மா சுத்துற பீடியக் கட்டுப் போடுவேன் சார்" என்றான். கட்டுக்கு எத்தனை? 25. ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு? 40 என்றான், யோசிக்கவே இல்லை. "சரி, கடையில மூணு கட்டக் கழிச்சிட்டா?" "37 கட்டு சார், 925 பீடி."

பாருங்கள், ஆயிரத்தில் 75 போனால் எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட்டால் இதே பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருப்பான். அன்றைக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரிப்பதுதான் கடன் வாங்கிக் கழிப்பது என்று காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டான். அப்புறம் மற்ற பிள்ளைகளுக்கு அவனே சொல்லிக் கொடுத்தான்.

ஒரு பிள்ளையின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார எனக்கு மழை வர வேண்டியிருந்தது! மற்ற நாட்களில் அந்த அரைமணி எங்கே போகிறது? செல்போன் செயலியில் வருகைப் பதிவு, ஆதார் எண், வங்கிக் கணக்கு, காலணி அளவு, அப்புறம் உடனே அனுப்பச் சொல்லும் ஏதாவது ஒரு புள்ளிவிவரம். மலையடிவார ஊர்களில் சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் காம்பவுண்டு ஓரம் நிற்பார். வகுப்பு உள்ளே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

கல்வி அல்லாத வேலை என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே ஆசிரியரை அனுப்பலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஓடி நின்றதில் எங்களுக்கு மனத்தாங்கல் கிடையாது. தினசரிப் பதிவேட்டு வேலைதான் பாடத்தைத் தின்கிறது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல யோசனை. அதற்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார நேரம் வேண்டுமே. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறேன்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. போன மாதம் ஆசிரியர் எத்தனை நாள் வேறு வேலைக்காக வகுப்பை விட்டுப் போனார் என்று கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வணக்கம்.