வெள்ளிக்கிழமைக் கேள்வியும் பதினான்கு நாள் தடையும்: ரேடியோ 4-இல் ஒரு வாரம்

[திரையில்: வானொலி அரங்கம். ஒலிவாங்கிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது.]

தொலைக்காட்சியில்தான் தினமும் சண்டை நடக்கிறதே, அப்புறம் வானொலி விவாதத்தை எதற்குக் கேட்க வேண்டும்? பிரிட்டனின் பிபிசி ரேடியோ 4-ஐ ஒரு வாரம் விடாமல் கேட்டால் ஒன்று பிடிபடும். அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு விதி இருக்கிறது. யார் கேட்கலாம், யார் பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த விதி மாறினால், அதே போரும் அதே தேர்தலும் வேறு விதமாகக் காதில் விழும்.

திங்கள் காலையில் 'ஸ்டார்ட் த வீக்'. 1970-இல் தொடங்கியது. எழுத்தாளர், விஞ்ஞானி, வரலாற்றாசிரியர் என்று வெவ்வேறு துறைக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். ஒருவருடைய விஷயத்தில் மற்றவரும் வாய் திறக்கலாம். இதமான பேச்சுதான், ஆனால் சில வாரம் புது நூல்களுக்கான விளம்பரம் மாதிரியும் ஆகிவிடும்.

புதன் இரவு 'மாரல் மேஸ்' இதற்கு நேர் எதிர். 1990 முதல் வருகிறது. அந்த வாரச் செய்தி ஒன்றில் ஒளிந்திருக்கும் அறச் சிக்கலை எடுத்துக்கொள்வார்கள். விருந்தினர்களுக்கு இங்கே 'சாட்சிகள்' என்று பெயர். அவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் குழுவினர் குறுக்கு விசாரணை செய்வார்கள். சாட்சி போனதும் அவர் சொன்னதைத் தங்களுக்குள் பிய்த்து மேய்வார்கள். பதிலை முடிக்க விடாமல் குறுக்கே பாய்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் ஒரு வாதத்தில் ஓட்டை எங்கே என்பது இவ்வளவு சீக்கிரம் வேறெங்கும் வெளிப்படாது.

வியாழக்கிழமை 'இன் அவர் டைம்'. பெரும்பாலும் மூன்று கல்வியாளர்கள், ஒரே தலைப்பு. அன்றாட அரசியலுக்கு அங்கே வேலையில்லை.

[திரையில்: ஊர் மண்டபம். நிரம்பிய நாற்காலிகள், முன்னால் நீளமான மேசை.]

சரி, வெள்ளி இரவுக்கு வருவோம். 'எனி குவெஸ்சன்ஸ்' 1948-இல் வின்செஸ்டர் நகரில் ஆரம்பித்தது. வாரம் ஓர் ஊர்: பள்ளிக்கூடம், தேவாலயம், சமூகக் கூடம். மேசையில் நாலு பேர், அவர்களில் எதிரெதிர்க் கட்சி அரசியல்வாதிகள் கட்டாயம் போல இருப்பார்கள். கேள்வி கேட்பது வந்திருக்கும் மக்கள். அவர்கள் எழுதித் தரும் கேள்விகளில் சிலவற்றைத் தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மேசையில் இருப்பவர்களுக்கு அவை முன்கூட்டியே தெரியாது. பதில் மழுப்பலாக இருந்தால் கூட்டத்தின் முணுமுணுப்பு ஒலிவாங்கியில் அப்படியே விழும். முகம் தெரியாத ஊடகத்தில் அந்த முணுமுணுப்புக்குப் பலம் அதிகம்.

இந்த நிகழ்ச்சியின் தொடக்க வருடங்களில் ஒரு விசித்திரமான தடை இருந்தது. நாடாளுமன்றத்தில் அடுத்த 14 நாளுக்குள் விவாதத்துக்கு வரப்போகும் எதையும் வானொலியில் விவாதிக்கக் கூடாது! போர்க்காலத்தில், 1944-இல், பிபிசி தானாகவே வகுத்துக்கொண்ட வழக்கம் அது. மக்கள் பிரதிநிதிகள் பேசும் முன் ஒலிபரப்பு முந்திக்கொள்ளக் கூடாது என்பது காரணம். பிறகு பிபிசியே அதைக் கைவிட விரும்பியபோது, 1955-இல் அரசு அதை எழுத்துபூர்வமான உத்தரவாக்கியது. அதாவது, நாட்டில் எது சூடான விஷயமோ அதைத்தான் பேச முடியாது. 1956-இல் சூயஸ் நெருக்கடி வந்தது; எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் போரில் இறங்கிய விவகாரம் அது. நாடே அதைப் பற்றிக் கொதிக்கும்போது வானொலி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது அபத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1957-இல் தடை போயிற்று.

சனிக்கிழமைகளில் 'ஃப்ரம் அவர் ஓன் கரஸ்பாண்டென்ட்' உண்டு. 1955-இல் பிறந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தாங்கள் கண்டதை எழுதி, தங்கள் குரலிலேயே வாசிப்பார்கள். எதிர்வாதம் கிடையாது. உலக விவகாரம் புரிய எனக்கு இதுதான் அதிகம் உதவுகிறது.

அன்று மதியம் வெள்ளிக்கிழமை விவாதம் மறுஒலிபரப்பாகும். அதையொட்டி 'எனி ஆன்சர்ஸ்': முதலில் கடிதங்களை வாசித்த நிகழ்ச்சி, பிற்பாடு தொலைபேசிக்கு மாறியது. மருத்துவமனை வரிசை பற்றி அரசியல்வாதி சொன்னதற்கு, அந்த வரிசையில் நிற்பவரோ வார்டில் வேலை பார்ப்பவரோ பதில் சொல்ல இங்கே வழி இருக்கிறது. நேரம் குறைவென்றால் வெள்ளி இரவை விட்டுவிடுங்கள். சனி மதியம் இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.