ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டாம்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பள்ளி திறக்க இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. சென்னை காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூலில் 31 வருடமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இத்தனை வருடம் ஆகியும் மே மாதக் கடைசி வந்தால் எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் முன்னால் நிற்கப் பயமாக இருந்தது. இப்போது அந்தப் பயம் இல்லை. யார் வருவார்கள், யார் வராமல் போவார்கள் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வருகைப் பதிவெல்லாம் இப்போது செல்போனில் வந்துவிட்டது. ஆனாலும் எனக்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்காம் வகுப்புக்கு வரப்போகிற பிள்ளைகளின் பெயரை நானே வரிசையாக எழுதுவேன். நேற்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத ஒவ்வொரு முகமாக வந்தது. சில பெயர்களை எழுதும்போது, இந்தப் பிள்ளை முதல் நாளே வரவேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

காரணம் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகெல்லாம் கரையிலேயே நிற்கும். முன்பு இது 45 நாள். மே 29-ஆம் தேதியோடு முடிந்துவிடும், ஜூனில் பள்ளி திறக்கும்போது அப்பா கடலுக்குப் போயிருப்பார். 2017-லிருந்து 61 நாள் ஆக்கிவிட்டார்கள். இப்போது ஜூன் 14 வரை தடை. ஆனால் பள்ளி திறப்பதோ ஜூன் தொடக்கத்தில். கடலுக்கு அந்த ஓய்வு வேண்டும்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இடையில் வரும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள், வீட்டில் காசு சுத்தமாகத் தீர்ந்துபோயிருக்கிற நேரம். என் வகுப்பில் இடம் காலியாகக் கிடப்பதும் அந்த நாட்களில்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பையன் இப்படித்தான் வரவில்லை. ஐந்தாறு நாள் பார்த்துவிட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கே தேடிப் போனேன். வரிசையாகப் படகுகள், எங்கும் பெயிண்ட் வாசனை. ஒரு படகு நிழலில் அப்பாவும் பிள்ளையும் வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஊசியில் பச்சை நைலான் நூல். நூலை இழுத்து இழுத்து அவன் சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. அப்பா கிழிந்த இடத்தைக் காட்டி, எவ்வளவு கண்ணிடா என்றார். வலையில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கண்ணி. அவன் கையால் நீவிப் பார்த்துவிட்டு, "வரிசைக்குப் பன்னண்டு, மூணு வரிசை போயிருக்கு, முப்பத்தாறு" என்றான். மூன்றாம் வகுப்பு முழுக்கப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் திக்கித் திணறிய பிள்ளை அவன்.

என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து, "நீங்க ஏன் டீச்சர் இந்த வெயில்ல? தடை முடியட்டும், படகு கடலுக்குப் போன மறுநாளே அனுப்பிடறேன்" என்றார். நல்ல மனிதர். பொய்யும் சொல்லவில்லை. ஆனால் பையன் வந்தபோது ஜூலை ஆகிவிட்டது. முதல் இரண்டு வாரத்தில்தான் போன வருடப் பாடத்தை மறுபடி எடுத்து நினைவுபடுத்துவோம். புதுப் பாடம் அதன்மேல்தான் நிற்கும். அதை விட்டவன் வருடம் முழுக்கப் பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது. அவனிடம் நான் பார்த்த கணக்கை வகுப்பில் கொண்டுவர எனக்கும் அத்தனை நாள் பிடித்தது. அப்புறம் அவன் அப்பாவிடமே ஒரு வலைத் துண்டு கேட்டு வாங்கினேன். அன்றிலிருந்து பெருக்கல் வாய்ப்பாட்டை அந்த வலையில்தான் ஆரம்பிக்கிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களே, புதுப் பை வாங்கவில்லை, செருப்பு வாங்கவில்லை, தலைமுடி வெட்டவில்லை என்று பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். மூத்தவளுக்குக் காலேஜ் பீஸ், அடகுக் கடை வட்டி என்று கையைப் பிசைகிற வீடுகள் எனக்குத் தெரியும். போன வருடச் சட்டையே போதும். புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் பள்ளியிலேயே கொடுப்போம். காலையில் சாப்பாடும் உண்டு. பசியோடு இருக்கிற பிள்ளைக்கு முதலில் சாப்பாடு என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. நம் வண்ணாரப்பேட்டைக் கல்லூரி யார் பெயரில் இருக்கிறதோ, அந்தத் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-லேயே ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். அதனால் இங்கே வந்து சாப்பிடுவதில் கூச்சம் எதற்கு?

அப்பாக்களுக்கும் ஒன்று. வலை வேலைக்குச் சின்னக் கை உதவியாகத்தான் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் நாளே அனுப்பிவிடுங்கள். ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த வலைத் துண்டை நேற்று அலசிக் காயப் போட்டேன். திங்கட்கிழமை கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பேன். நோட்டில் 34 பெயர் எழுதியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.