மறைத்துக் கேட்கும் பாட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பிடித்த பாட்டு நம் ரசனையா, நம் பழக்கமா?' என்பது தலைப்பு. பழக்கமே என்று பேசிய நண்பர் கைதட்டலையும் அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், திரும்பத் திரும்பக் கேட்டால் எந்தப் பாட்டும் பிடித்துவிடும் என்றார். 1968-ல் உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் வெளியிட்ட ஆய்வைச் சாட்சிக்கு அழைத்தார்.

சரி, அந்த ஆய்வில் ஆட்களுக்குக் காட்டியது என்ன? பொருளில்லாத சொற்கள், சீன எழுத்து போன்ற குறிகள், முன்பின் தெரியாத முகங்கள். அடிக்கடி கண்ணில் பட்டவை கூடுதலாகப் பிடித்துப்போயின. மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறி கொஞ்சம் பிடித்துப்போவது வேறு, ஒரு பாட்டு முடியும்வரை வண்டியை ஓரம்கட்டி நிற்பது வேறு. கேட்கக் கேட்கப் பிடிக்கும் என்றால், தொலைபேசியில் நம்மைக் காக்கவைத்து ஓடவிடுகிறார்களே ஒரு இசை, அதுவல்லவா நமக்கு உயிராகியிருக்க வேண்டும்!

நானும் என் அக்காவும் ஒரே வீட்டில், ஒரே வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவளுக்குத் தாளம் துள்ள வேண்டும். எனக்குத் தாளமே இல்லாமல் குரல் மட்டும் தனியாக நடக்கும் இடம் வேண்டும். பழக்கம் ஒன்று, காது இரண்டு. எதிரணி இதற்கு என்ன சொல்லும்?

அடுத்து, கூட்டம் போகிற பக்கம்தான் நாமும் போகிறோம் என்றார்கள். 2006-ல் வெளிவந்த சோதனை அது. 14,000-க்கும் மேற்பட்டவர்கள், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். ஆட்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்று காட்டியபோது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு பாட்டு மேலே வந்தது. நண்பர் இதோடு நிறுத்திக்கொண்டார். நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம், மோசமானவை முதலிடத்துக்கு வந்ததும் அபூர்வம் என்று அதே ஆய்வு சொல்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டார்? தவிர, அது அளந்தது பதிவிறக்கத்தை. பத்து வருடம் கழித்து எந்தப் பாட்டு ஒருவரின் தொண்டையை அடைக்கும் என்பதை அல்ல.

நம் ரசனையில் நம் வர்க்கமும் படிப்பும் பேசுகின்றன என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ சொன்னதையும் எடுத்துவைத்தார்கள். கனமான வாதம். நாலு பேர் முன்னால் 'எனக்குப் பிடித்தவை' என்று நாம் வாசிக்கும் பட்டியலுக்கு அது பொருந்தவும் செய்யும். அந்தப் பட்டியலில் பாதி, நம்மைப் பற்றிப் பிறர் என்ன நினைக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது.

ஆனால் பட்டியலில் சேர்க்காத பாட்டு ஒன்று இருக்கிறதே, நடுவர் அவர்களே! எனக்கு அது ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியின் முகப்புப் பாட்டு. என் வயது உங்களுக்கே தெரிகிறது. யாராவது அறைக்குள் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அதைக் கேட்பதால் எனக்கு மரியாதை கூடப்போவதில்லை, அதைக் கேட்கும் கூட்டமும் என்னைச் சுற்றி இல்லை. பிடித்துப்போகும் முன் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தது என்னவோ நாலைந்து முறைதான், ஆகவே பழக்கமும் காரணமில்லை. மூன்றாவது வரியில் மெட்டு மேலே ஏறி, அரை நொடி தயங்கி, பிறகு இறங்கும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் கேட்கிறேன். அதை எனக்குள் வைத்தது வர்க்கமா, கூட்டமா, பழக்கமா?

என் சொந்தக் கதை போதாது என்பீர்கள். 2001-ல் ஆன் பிளட், ராபர்ட் ஜடோரே இருவரும் மான்ட்ரியலில் செய்த மூளை ஆய்வைப் பாருங்கள். இசை பயின்ற 10 பேரை அழைத்து, உங்களுக்கு மெய்சிலிர்க்க வைக்கும் இசையை நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒப்பீட்டுக்கு ஒரு சாதாரண இசை வேண்டுமே, அதற்கு எங்கே போனார்கள் தெரியுமா? ஒருவர் கொண்டுவந்ததையே இன்னொருவருக்குப் போட்டார்கள்! இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது அவருக்குச் சும்மா ஒரு ஓசை. பத்துப் பேரும் பயிற்சி பெற்ற காதுக்காரர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். தீர்ப்பு எழுதும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணித் தலைவர் தன் கைபேசியில் இந்த மாதம் அதிகம் கேட்ட பாட்டு எது என்று இந்த அவையில் சொல்லட்டும். இதோ, சிரிக்கிறார். கைபேசியைத் திருப்பி வைக்கிறார், பாருங்கள்!