கைத்திறனே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தலைப்பு தெரியும். ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியின் முதல் ஜாஸ் பியானோ ஆல்பத்துக்குக் காரணம் கைத்திறனா, கைதூக்கிவிட்டவரா? நான் கைத்திறன் கட்சி.

எதிரணித் தம்பி கேட்டார்: "டோக்கியோ கின்சாவில் ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன் அன்றைக்குப் பக்கத்துக் கிளப்புக்குப் போயிருந்தால் தோஷிகோ யார்?" நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துவைத்திருக்கிறேன்!

கின்சா கிளப்பில் தோஷிகோ வாசித்ததைக் கேட்ட பீட்டர்சன், இசைத்தட்டுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸிடம் சிபாரிசு செய்தார். சரி, அப்புறம்? 1953இல் பதிவு. பக்கத்தில் யார்? கிதாரில் ஹெர்ப் எல்லிஸ், பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் ஜே. சி. ஹெர்ட். பீட்டர்சன் கையைக் கேட்டுப் பழகிய காதுகள். நடுவில் 23 வயதுப் பெண். சிபாரிசு ஸ்டுடியோ வாசல்வரை வரும் தம்பி, உள்ளே வந்து வாசிக்குமா? அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பட் பவல் பாணியில் அந்த வலது கை ஓடுகிறதே, அது யார் ஓட்டம்?

பீட்டர்சனை விடுங்கள், பெப்பு ஊருக்கு வாருங்கள். 1946. மஞ்சூரியாவில் பிறந்த பெண். போரில் வீடு போச்சு, சொத்து போச்சு, பியானோவும் போச்சு. குடும்பம் ஜப்பானுக்குத் திரும்பி பெப்புவில் ஒண்டியது. வீட்டில் மருத்துவம் படிக்கவைக்க ஆசை. அங்கேயும் அதே கதைதான், நடுவர் அவர்களே! தெருவில் போகிறார். நடன அரங்கு. வாசலில் பலகை: பியானோ வாசிக்க ஆள் தேவை. சம்பளமா கண்ணில் பட்டிருக்கும்? பியானோ ஐயா, பியானோ! நுழைந்துவிட்டார். ஜாஸ் தெரியுமா? தெரியாது. பின்வரிசைக்கும் கேட்கட்டும்: தெரியாது! அப்புறம் இசைத்தட்டு சேர்க்கும் ரசிகர் ஒருவர் ஜாஸ் பியானோ கலைஞர் டெடி வில்சனின் தட்டைப் போட்டுக்காட்ட, ஜாஸைப் பிடித்துக்கொண்டார். அந்த வாசலில் பீட்டர்சனா நின்றார்? பலகைதான் நின்றது!

மணி அடிக்கிறீர்கள், முடிக்கிறேன். 1956இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பெர்க்லி இசைப் பள்ளியில் சேர்ந்த முதல் ஜப்பானியர் அவர். பத்திரிகைகள் மொய்த்தன. வாசிப்புக்காக அல்ல, ஜப்பானியப் பெண் ஜாஸ் வாசிக்கும் விந்தைக்காக என்று பிறகு அவரே சொன்னார். இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, மேடையேறிய பெண் என்ன வாசித்தாள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? என்ன உடுத்தினாள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தொண்டை அடைக்கிறது. இத்தனைக்கும் பிறகு, 'உன்னை யார் தூக்கிவிட்டது' என்று அந்த அம்மாவிடமே கேட்கிறாயே தம்பி, உனக்கு அக்கா தங்கை இல்லையா? வணக்கம்.