எம்.சி.ஆர். செருப்பு: ஆறாத புண்ணை ரப்பர் ஆற்றிய கதை

(காட்சி: வேலூர், ஐடா ஸ்கடர் சாலை. கடை வாசலில் கயிற்றில் தொங்கும் கறுப்புச் செருப்புகள்.)

வணக்கம். வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், மருந்துக்கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இடையே, ‘எம்.சி.ஆர். செருப்பு இங்கே கிடைக்கும்’ என்று எழுதிய பலகைகளைக் காணலாம். எம்.ஜி.ஆர். என்பதைத்தான் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. எம்.சி.ஆர். என்றால் வேட்டி அல்லவா என்று கேட்டவர்களும் உண்டு. அப்படிக் கேட்டவன் நான்தான். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் இருக்கும் என் தந்தையின் மருந்துச்சீட்டில், மாத்திரைகளின் பெயர்களுக்கெல்லாம் கீழே, கடைசி வரியாக அந்த மூன்று எழுத்துகளை மருத்துவர் எழுதியிருந்தார்.

ஒரு செருப்பு மருந்துச்சீட்டில் எப்படி ஏறியது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் தச்சுவேலை, துருப்பிடித்த பூட்டு, எலி, பூனை, இட்லி என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஆகவே பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

முன்கதையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன்: 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் பெற்று, பின்னர் சி.எம்.சி. என்று நாம் அறியும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இனி நேரே 1946.

(காட்சி: கொல்லிமலையின் பழைய படம்.)

அந்த ஆண்டு பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூருக்கு வந்து சேர்ந்தார். அவரை வெள்ளைக்காரர் என்று சொல்லிவிட்டு நகர முடியாது; 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். மருத்துவம் படிப்பதற்கு முன்பு இங்கிலாந்தில் சில ஆண்டுகள் தச்சுவேலையும் கட்டட வேலையும் கற்றவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகள் வீண் என்று அக்காலத்தில் யாரேனும் அவரிடம் சொல்லியிருந்தால், இந்தக் கதையைக் கேட்ட பிறகு அவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்பது என் கருத்து.

1947இல் அவர் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, விரல்கள் கொக்கி போல வளைந்திருந்த ஒருவரின் உள்ளங்கையில் தம் கையை வைத்து, முடிந்தவரை அழுத்திப் பிடிக்கும்படி கேட்டார். செத்துப்போன கை என்று எல்லோரும் கருதிய அந்தக் கையின் பிடி, பிராண்டுக்கே வலிக்கும் அளவுக்கு இறுகியது. அப்படியானால் எல்லாத் தசைகளும் சாகவில்லை. சில தசைகள் முழு வலிமையுடன் இருக்கின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி விரியுங்கள். அசைவது விரல், ஆனால் புடைப்பது முழங்கைக்குக் கீழே உள்ள தசை. வட ஆர்க்காட்டுக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததைப் பார்த்த தலைமுறையினருக்கு இது உடனே விளங்கும்: மாடு ஒரு புறம், நீர் மொள்ளும் சால் மறு புறம், இடையில் வடம். தசைதான் மாடு, விரல்தான் சால், தசைநாண்தான் வடம். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவதால், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது; உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன; முன்கையின் பெரிய தசைகள் பலவும் தப்பிவிடுகின்றன. ஆகவே படுத்துவிட்ட மாட்டின் வடத்தை அவிழ்த்து, நிற்கும் மாட்டில் பூட்டினால் போதாதா? 1948 முதல் வேலூரில் செய்யப்பட்ட அறுவை மருத்துவம் அதைத்தான் செய்தது. ஒரு தசைநாணை வேறு வழியில் திருப்பிவிட்டு, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, புதிய வழியை மூளைக்கும் பழக்கினார்கள். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

பாராட்டி முடித்துவிடலாம் என்ற இடத்தில்தான் புதிர் தொடங்குகிறது. நிமிர்த்திய விரல்களில் மீண்டும் புண்கள் தோன்றின; விரல்கள் குட்டையாகிக்கொண்டே போயின. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது தானே அழுகி விழும், அதில் பட்ட புண் ஆறவே ஆறாது என்பதுதான் அன்று ஊராரும் மருத்துவர்களும் ஒருசேர நம்பிய கருத்து.

ஒருநாள் பண்டக அறை ஒன்றின் துருப்பிடித்த பூட்டை பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளிகளில் ஒருவனான சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவனுக்கு எப்படி அவ்வளவு வலிமை என்று வியந்த பிராண்டின் கண்ணில், தரையில் சொட்டிய இரத்தம் பட்டது. சாவியின் விளிம்பு விரலின் தோலையும் கொழுப்பையும் கிழித்து எலும்பு தெரியும் வரை சென்றிருந்தது. நரம்புகள் செயலிழந்திருந்ததால் சிறுவனுக்கு எதுவும் தெரியவில்லை. நாமாக இருந்தால் பாதித் திருகலிலேயே ‘ஆ’ என்று கையை உதறியிருப்போம். நம் விரலைக் காத்தது வலிமைக் குறைவு அன்று, வலி.

அதன் பிறகு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். சூடான பாத்திரம், வெட்டுக்கத்தியின் பிடி, விளக்கின் சுடர் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சில விரல் நுனிகள் மட்டும் இரவோடு இரவாகக் காணாமற்போயின. விழித்திருந்து பார்த்தபோது, உறங்குபவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. தீர்வு? வீடு திரும்பும் நோயாளிகளுடன் ஆளுக்கொரு பூனையையும் அனுப்பிவைத்தார்கள். மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நுண்ணோக்கியையே நினைக்கும் நமக்கு, பூனையும் ஒரு சிகிச்சைக் கருவிதான் என்பதை ஏற்கச் சற்று நேரம் பிடிக்கும்.

(காட்சி: தரையில் ஈரக் காலடித் தடங்கள்.)

கையைக் கண்ணால் பார்த்துப் பாதுகாக்கலாம். பாதத்தை என்ன செய்வது? அடிப்பாதத்தில் குழிப்புண் வந்தால் ஆண்டுக்கணக்கில் ஆறாது. இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930களிலேயே இத்தகைய பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்திருந்தார். வேலூரிலும் அந்த முறை பயன்பட்டது. புண்ணுக்கு விசேஷ மருந்து எதுவும் இல்லை, மாவுக்கட்டு மட்டும்தான். சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தால் புண் மூடியிருந்தது. ‘கெட்ட சதை’ என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. மிதிபடாமல் விட்டால் அந்தச் சதை நம் சதையைப் போலவே ஆறுகிறது.

ஆனால் வாழ்நாள் முழுவதும் மாவுக்கட்டுடன் யார் நடமாடுவது? இங்கேதான் செருப்பு வருகிறது. இந்தப் பகுதியை நான் நீட்டிப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு காலில் நிற்கும் நொடியில், அந்த எடை முன்பாதத்தில் பத்துச் சதுர சென்டிமீட்டர் இடத்தில் மட்டும் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஆறு கிலோ. அதே எடை நூறு சதுர சென்டிமீட்டரில் பரவினால் அறுநூறு கிராம். ஆள் அவரேதான், எடையும் அதேதான். பத்தில் ஒரு பங்குதான் அழுத்தம். நமக்கு நீண்ட தூரம் நடந்ததும் பாதத்தில் ஓரிடம் எரியத் தொடங்கும். உடனே அறியாமலேயே எடையை வேறு பக்கம் மாற்றி நடப்போம். உணர்ச்சியற்ற பாதம் முதல் அடியை வைத்த அதே இடத்தில்தான் ஐயாயிரமாவது அடியையும் வைக்கிறது. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் சதை நைந்து, பிறகுதான் மேலே புண்ணாக வெடிக்கிறது.

எனவே தேவைப்பட்டது, அழுத்தத்தைப் பரப்பும் ஒரு பொருள். மரக்கட்டைச் செருப்பு, மெழுகு அச்சு, பிளாஸ்டிக் என்று பலவற்றை முயன்றார்கள். தச்சுவேலை தெரிந்த கை சும்மா இருக்குமா? கடைசியில் நிலைத்தது மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதாவது எம்.சி.ஆர்.

(காட்சி: தட்டில் ஓர் இட்லி, அருகில் எம்.சி.ஆர். துண்டு.)

ரப்பருடன் வாயுவை வெளியிடும் பொருளைக் கலந்து, அச்சில் அழுத்திச் சூடாக்குகிறார்கள். அச்சைத் திறந்ததும் அது உப்பி எழுகிறது. இட்லி மாவில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், வாயு உள்ளே பிறக்கிறது, சூட்டில் அது அப்படியே உறைகிறது. ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இட்லியின் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால்தான் அது சாம்பாரைக் குடிக்கிறது, எம்.சி.ஆர். ரப்பரின் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை, உள்ளே அடைபட்ட காற்று வெளியேற முடியாது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை மிதித்தால் காற்று வெளியேறித் தட்டையாகிவிடும். எம்.சி.ஆர். மிதித்ததும் அமுங்கும், காலை எடுத்ததும் எழும்பும்.

மென்மை அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்தால் அதுவும் தவறு. ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவில், ஒரு சிறு முனையை அழுத்திப் பார்த்துக் கணக்கிடுவார்கள். கார் டயரின் கடினம் 60 முதல் 70 வரை இருக்கும். இந்தச் செருப்பின் உள்தளத்துக்கு ஏற்றது 15 அளவு. அதற்கு மேலே போனால் காலை உறுத்தும்; மிகவும் குறைந்தால் எடை தாங்காமல் அடியோடு அமுங்கிவிடும். ஆனால் 15 அளவுள்ள ரப்பரை மட்டும் போட்டுக்கொண்டு நம் ஏரிக்கரையில் இறங்கினால், சீமைக்கருவேல முள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். ஆகவே மேலே மென்மையும் கீழே கடினமுமாக இரண்டு தளங்கள்.

இந்தச் செருப்பில் ஆணி இல்லை. ஒட்டியும் தைத்தும்தான் செய்கிறார்கள். காரணத்தைச் சாலையோரக் கடையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கேட்டேன். உளியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார்: “ஆணி குத்துனா உனக்குத் தெரியும் தம்பி. அவங்களுக்குத் தெரியாது. ராத்திரி செருப்பக் கழட்டும்போது ரத்தத்தப் பாத்துதான் தெரியும்.” பின்வாரும் இருக்க வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொன்னார். வழக்கமான ரப்பர் செருப்பை நாம் கால்விரல்களால் பற்றிக்கொண்டு நடக்கிறோம். உணர்ச்சி இல்லாதவருக்குச் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாது. வாரில் பக்கிள் வைக்காமல் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைப்பது, மடங்கிய விரல்களாலும் அதை மாட்ட முடியும் என்பதற்காக. ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் அரைப் பக்கம் எடுக்கும் செய்தியை அவர் இரண்டு நிமிடங்களில் சொல்லி முடித்தார். இத்தகைய ஆராய்ச்சிகளின் ஆசிரியர் பட்டியலில் செருப்புத் தைப்பவர்களின் பெயர்களும் இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தோலுக்கும் காலணிக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகறிந்த ஊர்களைக் கொண்ட இந்த வட்டாரத்தில் இதைச் சொல்லவில்லை என்றால் வேறெங்கே சொல்வது?

அறிவியல் எல்லாம் சரியாக அமைந்த அந்தச் செருப்பு, ஓரிடத்தில் தோற்றது. அதன் கறுப்புத் தளத்தையும் அகன்ற வார்களையும் கண்டதும், இவருக்கு இன்ன நோய் என்று ஊரே தெரிந்துகொண்டது. காலைக் காக்கும் செருப்பு, பேருந்தில் பக்கத்து இருக்கையைக் காலியாக்கியது. அதனால் பலர் அதை அணியவே மறுத்தனர். புண் மீண்டும் வந்தது. அழகு என்பது பணக்காரர்களின் கவலை என்று எண்ணுபவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். கடையில் விற்கும் மற்றச் செருப்புகளைப் போலவே தோன்றும் வடிவங்களையும் நிறங்களையும் தேடுவதும் பின்னர் இந்த ஆராய்ச்சியின் பகுதியாயிற்று. வடிவமைப்பு அங்கே அலங்காரமாக வரவில்லை, சிகிச்சையாகவே வந்தது.

காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இந்தப் பணியில் சேர்ந்தது. அங்கு பணியாற்றிய அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிச்சி, அந்த வறண்ட நிலத்தில் மழைநீரைத் தடுத்து மரம் வளர்த்துச் சோலையாக்கியதைத் தனி வீடியோவாகச் சொல்ல வேண்டும். அது வேண்டும் என்பவர்கள் கீழே எழுதுங்கள்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே, அழுத்தம் பட்டால் உடைந்து சாயம் கசியும் நுண்துளிகள் கொண்ட காலுறையை உருவாக்கினார்கள். அதை அணிந்து சில அடிகள் நடந்து கழற்றினால், எந்த இடத்தில் பாதம் அதிகம் மிதிபடுகிறது என்பது நலுங்கு வைத்தது போலத் தெளிவாகத் தெரியும். தொழுநோய்க்காகக் கண்ட முறைகள் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் அப்படியே பொருந்தின, ஏனெனில் நெடுநாள் சர்க்கரை நோயிலும் பாதம் மரத்துப்போகிறது; மரத்துப்போன பாதத்துக்கு நோயின் பெயர் தெரியாது. 1980களில் பரவலான கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் இன்று முழுமையாகக் குணமாகிறது; அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். ஆனால் ஏற்கெனவே செத்த நரம்பு திரும்பாது என்பதால், குணமானவர்களுக்கும் செருப்புத் தேவைப்படுகிறது.

என் தந்தையின் பாதங்களுக்கும் அந்தச் செருப்புதான். முன்பொரு நாள் அவர் சிறிய கருங்கல் சில்லு ஒன்றைச் செருப்புக்குள் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை நடந்திருக்கிறார். இப்போது, அணியும் முன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இருபது ஆண்டுச் சர்க்கரைக்காரர் ஒருவர் இருப்பார். இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள், இன்றிரவே அவருடைய அடிப்பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பழைய எம்.சி.ஆர். செருப்பின் உள்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி எழும்பாமல் அப்படியே நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அவர் வாரந்தோறும் போகிறவர். அங்கே எந்தச் செருப்பும் வாசலோடு சரி. வேலூரின் சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கல் சுடுவது நமக்கு மூன்றாவது அடியிலேயே தெரியும், அவருக்குத் தெரியாது. ஆகவே இப்போதெல்லாம் கல் சூடேறும் முன்பே, விடியற்காலையில் நடை திறந்ததும் போய்விட்டு வருகிறார்.