சக்கரம் தொட்ட பிறகும் காற்று ஓயாது

நேயர்களுக்கு வணக்கம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெயில் ஏறினால் மதியவாக்கில் அது கரைக்கு வந்துவிடும். அந்தக் காற்று ரன்வேக்குக் குறுக்கே வீசும்போது சிறிய விமானம் ஏன் கட்டுப்பாடு இழக்கிறது என்பதை, பைலட் பயிற்சிக்குப் போகும் நம் பகுதிப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. மீனம்பாக்கத்தின் பெரிய ரன்வேயை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனையில் 07 என்று இருக்கும். அதாவது காந்தத் திசையில் ஏறத்தாழ 70 பாகை. காற்று 130 பாகையிலிருந்து 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் வந்தால் இடைவெளி 60 பாகை. வலப்பக்கமிருந்து தள்ளும் காற்று மட்டும் 12 நாட். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் கையேடுகள் பலவற்றில் சோதித்துக் காட்டிய பக்கக்காற்று 15 நாட். அது விமானத்தின் எல்லை அல்ல. ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு 12 நாட்டே அதிகம்.

இறங்கி வரும்போது மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துத்தான் நேர்கோட்டில் வருகிறோம். தரை தொடுமுன் அது நேராக வேண்டும். காற்று வலமிருந்து வந்தால் இடது ரடர் (மூக்கை இடவலம் திருப்பும் வால் பலகை) மிதித்து மூக்கை நடுக்கோட்டுக்குக் கொண்டுவரணும், ஐலரானை (விமானத்தை ஒருபக்கம் சாய்க்கும் இறக்கைப் பலகை) வலப்பக்கம் சாய்த்து நகர்வை நிறுத்தணும். வலது சக்கரம் முதலில் தொடும், பிறகு இடது, கடைசியில் மூக்குச் சக்கரம். முழு ரடர் மிதித்தும் மூக்கு நேராகவில்லையா? அன்றைய காற்று உங்கள் விமானத்துக்கு மிஞ்சியது. உடனே மேலே ஏறிவிடுங்கள், வேறு ரன்வே தேடுங்கள்.

விபத்து பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் பிறக்கிறது. சக்கரம் தொட்டதும் 'இறங்கிவிட்டோம்' என்று கை தளர்கிறது, ஐலரான் நடுவுக்கு வந்துவிடுகிறது. வேகம் குறையக் குறைய ஐலரானுக்கும் ரடருக்கும் பலம் குறையும். காற்றின் பலம் குறையாது. வால் துடுப்பு பெரியது, முக்கியச் சக்கரங்களுக்கு வெகு பின்னால் இருக்கிறது. காற்று அதைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது. காற்றுப் பக்க இறக்கை எழும்பும், எதிர்ப்பக்க இறக்கை முனை தரையில் உரசும். ஆகவே வேகம் குறையும்போது ஐலரானைக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் முழுதாகச் சாய்த்துவிட வேண்டும். மூக்குச் சக்கரத்துக்குப் பதிலாக வாலில் சக்கரம் உள்ள விமானத்தில் நிலைமை இன்னும் மோசம்: எடையின் மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே பெருகும்.

கூடுதல் வேகமும் ஆபத்து. விமானம் மிதந்து விலகும். வலுக்கட்டாயமாக இறக்கினால் எடை மூக்குச் சக்கரத்தில் ஏறி, அங்கிருந்தே சுழலும். காற்று 10 நாட், திடீர் வீச்சில் 18 என்றால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 4 நாட் மட்டும் இறங்கி வரும் வேகத்தோடு கூட்டினால் போதும். பலத்த பக்கக்காற்றில் ரன்வே நீளம் அனுமதிக்கும் அளவுக்கு ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) குறைத்து வையுங்கள்.

மேலே ஏறும் முடிவைச் சக்கரம் தொடுமுன் எடுப்பதே நல்லது. த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் கைப்பிடி) முழுதாகத் தள்ளும்போது இந்த வகை விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். காற்றும் இடமிருந்து வந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். வலது ரடருக்குக் கால் தயாராக இருக்கட்டும்.

ரன்வேயை விட்டு விலகி டாக்ஸி செய்யும்போதும் (தரையில் மெதுவாக ஓட்டிச் செல்லும்போதும்) இது தொடர்கிறது. முன்பக்கவாட்டில் காற்று வந்தால் ஐலரான் காற்றை நோக்கி. பின்பக்கவாட்டில் வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம், ஸ்டியரிங்கை முன்னால் தள்ளி. விமானத்தைக் கயிற்றில் கட்டும்வரை அப்படியே.