ஊருக்கு ஊர் மாறும் கிதார்

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போய் வாசித்த ஒரு ராக் குழுவில் நான் லீட் கிதார். பாடகர், இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸ் என்று ஐந்து பேர். சினிமாப் பாட்டு வாசித்திருந்தால் ஊருக்குள்ளேயே வேலை இருந்திருக்கும். எங்களுக்குச் சொந்தப் பாட்டு வாசிக்க ஆசை. அதை நின்று கேட்கிறவர்கள் பெங்களூர், மும்பை, தில்லி, ஷில்லாங் என்று சிதறிக் கிடந்தார்கள். அதனால் ரயிலேறினோம்.

எங்கே போனாலும் முதலில் விசாரிப்பது கரண்ட்டைப் பற்றித்தான். எலெக்ட்ரிக் கிதாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் இருக்கும். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப் பெரிதாக்கித் தருகிறது. ஆனால் அந்தச் சுருள் டியூப்லைட் சோக், மேடை விளக்கின் டிம்மர் என்று பக்கத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. மேற்கத்திய இசையில் ஜி என்கிற சுரம் கீழ் ஸ்தாயியில் 49 ஹெர்ட்ஸ். ஆக, ஜி-யில் அமைந்த பாட்டை வாசிக்கும்போது ஆம்பிலிருந்து வரும் ஹம், அந்த மின்சார இரைச்சல், சுரத்தைவிட ஓர் இழை மேலேயே நிற்கும். சுருதி விலகிய தம்பூராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கச்சேரி செய்வது போல இருக்கும்.

எர்த் சரியில்லாத இடமாக இருந்துவிட்டால் ஹம் மட்டும் இல்லை, ஷாக்கும் உண்டு. கை கிதார் கம்பியில் இருக்கும். பின்னணி பாட வாயை மைக்கிடம் கொண்டுபோவோம். உதடு பட்டதும் சுரீர் என்று இழுக்கும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டிச் சமாளிப்போம். ஒரு கல்லூரியில் சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்த தம்பி மேடைக்குப் பின்னால் ஓடி, எர்த் கம்பி புதைத்த இடத்தில் வாளி வாளியாக உப்புத் தண்ணீர் ஊற்றினார். நான் ஆம்ப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். மண் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க இரைச்சல் இறங்கிக்கொண்டே வந்தது. அன்று கூட்டத்துக்குக் கேட்ட ஒவ்வொரு சுரத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. சுவரொட்டியில் இந்த மாதிரி சவுண்ட் ஆட்களின் பெயர் வந்து நான் பார்த்ததில்லை, வந்திருக்க வேண்டும்.

ரயிலில் கிதார் பெட்டிகள் மேல் பெர்த்தில் எங்களோடு படுத்துக்கொள்ளும். டிரம்ஸ்காரர் ஸ்நேர், சிம்பல், கால் பெடல் மூன்றையும் மட்டும் கையில் எடுத்து வருவார். மற்றவை போகிற ஊரில் வாடகைக்கு. வெளிநாட்டுக் கம்பிகள் அன்று எங்களுக்கு எட்டாத விலை. கிதார் கம்பி சென்னையின் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதற்கு வழியில்லை. பேஸ் கம்பிக்கு ஒரு வழி இருந்தது. அதன் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுகளுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் அடைத்துக்கொண்டுதான் அதன் ஒலி மந்தமாகும். லாட்ஜ் சமையலறையில் கெஞ்சி ஒரு பாத்திரம் வாங்கி, கம்பிகளைச் சுருட்டிப் போட்டுக் கொதிக்கவிடுவோம். தண்ணீர் கறுத்துப்போகும். துடைத்துக் காயவைத்து மாட்டினால் சில நாளைக்குப் புதுக் கம்பி மாதிரியே பேசும்.

சென்னையில் சரியாக இருக்கும் கிதார் தில்லிக் குளிரில் வேறு கிதார். வறண்ட காற்றில் மரம் சுருங்கி, கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் மறுபடி பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் கழுத்து போய்விடும்.

ஷில்லாங்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குவாஹாட்டிக்கே ரயிலில் இரண்டு நாளுக்கு மேல். அங்கிருந்து சுமோவில் சுமார் 100 கிலோமீட்டர் மலைப்பாதை. இறங்கியதும் தெரிந்துவிடும், இந்த ஊருக்கு கிதார் புதுசில்லை என்று. உள்ளூர்ப் பாடகர் லூ மாஜா 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளுக்குக் கச்சேரி நடத்தி வருகிற ஊர் அது. எங்கள் கச்சேரிக்குக் கல்லூரிப் பிள்ளைகளோடு அவர்களுடைய அம்மாக்களும் பாட்டிகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டின் பல்லவியில் எங்கள் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். மற்ற ஊர்களில் எல்லோரும் ஒரே மெட்டைக் கத்துவார்கள். இங்கே பெண்குரல் மேலே ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு வரி, ஆண்களின் அடிக்குரல் தனியாக ஒரு வரி என்று பிரிந்து பிரிந்து வந்தது. அதுவும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்ட பாட்டுக்கு! 1841-இல் வேல்ஸிலிருந்து சோஹ்ராவுக்கு, அதாவது சிரபுஞ்சிக்கு, வந்த மிஷனரி தாமஸ் ஜோன்ஸுக்குப் பிறகு மேகாலயாவின் காசி மலைகளில் வேரூன்றிய தேவாலயப் பாடல் மரபு அது. நாலு குரலில் பாடுவதைக் குழந்தையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். அடுத்து என் சோலோ. நான் வாசிக்கவில்லை. பேஸ்காரரைப் பார்த்தேன், அவரும் கையை எடுத்துவிட்டார். டிரம்ஸில் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஊரே பாடியது. கிதார் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை அதற்கு முன் யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

மும்பையில் ரங் பவன். செயின்ட் சேவியர் கல்லூரிக்கு அருகே ஒரு திறந்தவெளி அரங்கம். 1986-இல் தொடங்கிய இண்டிபென்டன்ஸ் ராக் விழா ஆகஸ்டில் அங்கேதான் நடக்கும். கொட்டுகிற மழையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நனைந்துகொண்டு நிற்பார்கள். அந்த மேடையில் ஏற வேண்டும் என்பது அன்று வாசித்த எல்லோருக்கும் கனவு. பக்கத்திலேயே காமா மருத்துவமனை. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அதனால் ரங் பவனில் ராக் நின்றுபோனது. நோயாளிக்கு அமைதி வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஓர் இடத்தை மூடும்போது இன்னோர் இடத்தைத் திறந்துவிட்டிருக்க வேண்டாமா?

சென்னைக்கும் இதைத்தான் கேட்கிறேன். ஐஐடி-யின் திறந்தவெளி அரங்கில், 1996-இல் சாரங் என்று பெயர் மாறிய அந்த விழாவில், பனி இறங்கிய கம்பிகளைத் துடைத்துத் துடைத்து வாசித்த ராத்திரிகள் எங்களுக்கு உண்டு. ஆனால் அது வருஷத்தில் சில நாள். சொந்தப் பாட்டோடு இன்று வருகிற பிள்ளைகளுக்கு, பெரிய வாடகை கேட்காத ஒரு மேடை வேண்டும். மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை, பத்து மணிக்குள் முடிகிற மாதிரி, ஒழுங்கான எர்த்தோடு ஒரு மேடை போட்டுக்கொடுத்தால் போதும். வாசிக்க ஆள் இருக்கிறார்கள், அவர்களோடு ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.